குறைந்த செலவிற் கணினியை வலுப்படுத்தல்

வீட்டு மேசையில் இருக்கும் கணினிக்கு வரைவியல் அட்டை ஒன்றையும், அதற்கேற்ற மின்வழங்கியையும் குறைந்த செலவில் எவ்வாறு பொருத்திக்கொள்ளலாம் என்பதைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன். வரைவியல் அட்டையைக் கடைகளில் வீ.ஜீ.ஏ. கார்ட் என்பார்கள், மின்வழங்கியைப் பவர் சப்ளை என்பார்கள். இவை கடைக்காரரும் தொழினுட்பவியலாளரும் பேசவேண்டியவை அல்லவா, கலைப் பட்டம் பெற்ற ஒரு பாடசாலை அதிபருக்கு இதில் என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். பிள்ளை கேட்கும் பொருள் தேவையானதா, அதற்கு எவ்வளவு செலவாகும், செலவழித்த பணம் நிலைக்குமா என்னும் மூன்று கேள்விகளோடு பெற்றோர் வந்து நிற்பது பல வேளைகளில் அதிபரின் அறை வாசலிலேதான். விடை சொல்லும் கடமை வந்தபின், கற்றுக்கொள்ளும் கடமையும் உடன் வந்துவிடுகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள ஊர்களில் இன்று கணினி உள்ள வீடுகள் பல. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்பு நின்றுவிடக்கூடாதே என்று கடன்பட்டு வாங்கியவர்களும் உண்டு. அவ்வாறு வாங்கியவற்றுட் பல, அலுவலகங்களிற் சில ஆண்டுகள் பாவித்துக் கழிக்கப்பட்டவை. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அமைக்கப்பட்ட இக்கணினிகளிடம் இன்றைய மாணவர் வேறு வேலை கேட்கின்றனர். 2013ஆம் ஆண்டிற் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியதன் பின், கட்டடத்தையும் இயந்திரப் பாகத்தையும் முப்பரிமாணமாக வரைந்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஊர்தோறும் உளர். ஒளிப்படக் காட்சிகளைத் தொகுப்போரும், கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திற் கணினி விஞ்ஞானம் படிப்போரும் உளர். கணினியோ திணறுகின்றது. "கார்ட் ஒன்று போட்டாற் சரியாகிவிடும்" என்று நண்பர்கள் சொல்லுகின்றார்கள்.

கடலிலே தொழில் செய்தும், துறைமுகத்திலும் சீனன்குடா ஆலைகளிலும் உழைத்தும் குடும்பத்தைத் தாங்கும் ஒரு தந்தைக்கு இது சிறிய செலவன்று. கணினிப் பாகங்கள் யாவும் இறக்குமதிப் பொருள்கள். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த ஏற்றத்தின் சுமை ஒவ்வொரு பாகத்தின் விலையிலும் ஏறியது. இத்தகைய செலவிலே பிழை நேர்ந்தால், அப்பணத்தை மறுபடியும் சேர்க்க ஓராண்டு செல்லலாம். ஆகவே கணக்கைச் சரியான இடத்திலிருந்து தொடங்கவேண்டும். அந்த இடம் எது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில், வரைவியல் அட்டை செய்யும் வேலை யாது எனப் பார்ப்போம். கணினியின் தலைமை உறுப்பாகிய முறைவழியாக்கி, அதாவது புரொசெசர், கடினமான வேலைகளை ஒவ்வொன்றாக விரைந்து முடிக்க வல்லது. திரையிலே தோன்றும் உருவமோ பல இலட்சம் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் ஒளியும் கணிப்பது எளிய வேலைதான். ஆனால் அவற்றை ஒரே கணத்திற் செய்தாக வேண்டும். ஒரு பேராசிரியர் செய்யும் வேலைக்கும், ஆயிரம் மாணவர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கூட்டற் கணக்குச் செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே எண்ணிக்கொள்ளலாம். அந்த ஆயிரம் மாணவரே வரைவியல் அட்டை. 1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 என்னும் அட்டையோடு, வரைவியலுக்கெனத் தனி முறைவழியாக்கி என்ற பெயர் உலகிற் பரவியது.

இது விளையாட்டுக்கான பொருள்தானே என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பு. விளையாட்டுக்காகவே அது பெரும்பாலும் விற்கப்பட்டது என்பதும் உண்மை. ஆயினும் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளவேண்டும். 2012ஆம் ஆண்டில், கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிறிசெவ்ஸ்கி என்ற மாணவர், இலியா சுட்ஸ்கெவர் என்பவரோடும் பேராசிரியர் ஜெப்ரி ஹின்ரனோடும் சேர்ந்து, படங்களிலுள்ள பொருள்களைக் கணினியே இனங்காணும் முறையொன்றை உருவாக்கினார். அதற்கு அவர்கள் பாவித்தவை கடையிலே விற்கும் ஜீ.ரீ.எக்ஸ். 580 என்னும் விளையாட்டு அட்டைகள் இரண்டு. செயற்கை நுண்ணறிவு இன்று அடைந்துள்ள பெருவளர்ச்சிக்கு அது ஒரு திருப்பமாயிற்று. ஹின்ரனுக்கு 2024இற் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. அந்த அட்டை ஒவ்வொன்றும் 244 வாற்று மின்வலுவை வேண்டுவது. இரண்டுக்குமாக 488 வாற்று. அதனைத் தடையின்றி வழங்கும் மின்வழங்கி ஒன்று பின்னால் இல்லாவிடில் அந்த ஆராய்ச்சி ஓரடியும் நகர்ந்திராது. அட்டையைப் புகழ்வோர் பலர். மின்வழங்கியை நினைப்போர் மிகச் சிலர்.

ஆனால் எல்லார்க்கும் இந்த அட்டை வேண்டுமா? வேண்டா. பாடக் குறிப்புகளை வாசிக்கவும், தட்டெழுதவும், இணையவழி வகுப்புகளைப் பார்க்கவும், முறைவழியாக்கியினுள்ளேயே அமைந்திருக்கும் வரைவியற் பகுதி போதும். கணினி மெதுவாக இயங்குவதற்குக் காரணம் பழைய வன்தட்டாகவோ, நினைவகக் குறைவாகவோ இருக்கலாம். அப்படியாயின் வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டு ஒன்றைப் போடுவதும், நினைவகத்தைக் கூட்டுவதும் குறைந்த செலவிற் கூடுதலான பயனைத் தரும். இதனை அறிவது எளிது. விண்டோஸ் கணினியிற் பணி மேலாளர் என்னும் பகுதியைத் திறந்து, குறித்த வேலை நடக்கும்போது எந்த உறுப்பு நூற்றுக்கு நூறு என்ற அளவைத் தொட்டு நிற்கின்றது என்று பார்க்கவேண்டும். வரைவியற் பகுதி அவ்வாறு நின்றால் அட்டை தேவை; வேறோர் உறுப்பு நின்றால் அதையே கவனிக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இன்டெல் முறைவழியாக்கியாயின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவற்றை, ஒரு சில தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய பழைய கணினியிற் பெரும்பணத்தைப் போடுமுன், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமை நம் வேலைக்குப் பொருந்துமா என ஆராய்வது நன்று.

அட்டை தேவை என்று முடிவாகிவிட்டால், பெரும்பாலோர் நேரே அட்டையின் விலையை விசாரிக்கப் போகின்றனர். நான் சொல்ல விரும்புவது, அதற்குமுன் கேசிங்கைத் திறந்து மின்வழங்கியைப் பார்க்கவேண்டும் என்பதே.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டம். கணினியின் உறுப்புகளுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ற்று என்ற குறைந்த அழுத்தத்திலான நேரோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பகிர்ந்தளிப்பதே மின்வழங்கியின் தொழில். அதற்கு ஓர் எல்லை உண்டு.

துறைமுகத்தில் வாழும் நமக்கு இந்த எல்லையை விளக்குவது கடினமன்று. பிரிமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலையும், சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் கொண்டுவரும் கப்பலையும் பார்க்கின்றோம். கப்பலின் பக்கத்திலே, ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடுமாக ஓர் அடையாளம் இருக்கும். அக்கோடு நீருள் மறையும்படி பாரம் ஏற்றலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் மடிவதைக் கண்டு மனம் பொறாத சாமுவேல் பிளிம்சோல் என்ற பாராளுமன்ற உறுப்பினர் போராடியதன் பயனாக, 1876இற் சட்டத்தில் இடம்பெற்றது அந்தப் பாரக்கோடு. மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அளவுத்தாளும் ஒரு பாரக்கோடுதான். அமைதியான நீரில் நிற்கும்போது அளவு கடந்த கப்பலும் மிதக்கும். அலை அடிக்கும்போதுதான் குற்றம் தெரியும். அதுபோலவே, கடிதம் எழுதும்போது ஒழுங்காக இயங்கும் கணினி, அட்டை முழு வலுவையும் வேண்டும் அந்த நொடியில் அணைந்துபோகும். மட்டமான மின்வழங்கியாயின், தான் எரிவதோடு நில்லாது மற்ற உறுப்புகளையும் கெடுக்கக்கூடும்.

அந்த அளவுத்தாளை வாசிக்கும் முறையைச் சொல்கின்றேன். எழுதுகோல் கையில் இருந்தாற் குறித்துக்கொள்ளலாம். பெட்டியின்மேல் 450 வாற்று என்று பெரிய எழுத்தில் இருக்கலாம். அதை நம்பி முடிவு செய்ய வேண்டா. தாளிலே 12 வோல்ற்று என்று குறித்த நிரலைப் பாருங்கள். அதன் கீழ் அம்பியர் அளவு இருக்கும். வோல்ற்றை அம்பியராற் பெருக்கினால் வாற்று வரும். அங்கே 14 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 14ஆற் பெருக்க 168 வாற்று. முறைவழியாக்கியும் வரைவியல் அட்டையும் தமக்கு வேண்டிய வலுவை ஏறத்தாழ முழுவதும் இந்த 12 வோல்ற்றிலிருந்தே பெறுவதால், வெளியே 450 என்று சொல்லும் அப்பெட்டி உண்மையில் 168 வாற்றுக்குரிய வேலையையே செய்ய வல்லது. 36 அம்பியர் என்று இருந்தால் 432 வாற்று. அது தன் பெயருக்கு உண்மையாக நடக்கும் மின்வழங்கி. 12 வோல்ற்று இரண்டு நிரல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அவற்றைத் தனித்தனியே கூட்டலாகாது. இரண்டுக்கும் சேர்த்துத் தந்துள்ள உச்ச வாற்றையே கொள்ளவேண்டும்.

இனிச் செலவுப் பக்கம். 2015இல் வெளிவந்த இன்டெல் ஐ5 6500 போன்ற முறைவழியாக்கிக்கு 65 வாற்று. தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறி ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 50 வாற்று. இவற்றோடு 75 வாற்று அட்டை ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 190 வாற்று. மின்வழங்கியின் உண்மையான அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற் போகாதிருப்பது நல்லது. ஆகவே, நேர்மையான 300 வாற்று மின்வழங்கி இதற்குப் போதும். 75 வாற்று அட்டைக்குப் பதிலாக 185 வாற்று வேண்டும் ஆர்.எக்ஸ். 580 அட்டையைப் போட்டால் மொத்தம் 300 வாற்று ஆகின்றது; அதற்கு 450 வாற்று மின்வழங்கி வேண்டும். நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையின் வெப்பமே 35 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. மலிவான மின்வழங்கிகள் சிலவற்றின் அளவு 25 பாகை வெப்பத்திற் கணிக்கப்பட்டது. நல்லவற்றின் அளவு 40 அல்லது 50 பாகையிற் கணிக்கப்பட்டது. ஆதலின் அந்த மூன்றில் ஒரு பங்கு இடைவெளியை வீண்செலவாக எண்ண வேண்டா.

இந்தக் கணக்கு முடிந்ததும் நம்முன் இரண்டு வழிகள் தெரியும்.

முதலாவது வழி, இருக்கும் மின்வழங்கியை மாற்றாமல் அதற்கு அடங்கும் அட்டையைத் தேடுவது. தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் இடம் 75 வாற்று வரை தானே வழங்க வல்லது. அதற்குள் அடங்கும் அட்டைக்குத் தனியாக மின்கம்பி வேண்டியதில்லை. 2016இல் வந்த ஜீ.ரீ.எக்ஸ். 1050 ரீ.ஐ., 2019இல் வந்த ஜீ.ரீ.எக்ஸ். 1650, 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400, 2024இல் வந்த ஆர்.ரீ.எக்ஸ். 3050இன் 6 ஜிகாபைற்று வகை ஆகியன இவ்வினத்தவை. ஆயினும் இவற்றின் சில தயாரிப்புகளிற் கூடுதல் மின்னிணைப்பான் இருப்பதுண்டு. வாங்குமுன் அட்டையின் விளிம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1050 ரீ.ஐ. அட்டைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருள் ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஆர்.எக்ஸ். 6400 பழைய தாய்ப்பலகைகளில் தன் முழு வேகத்தைக் காட்டாது. இவ்வினத்து அட்டைகள் பேராற்றல் உடையவை அல்ல. எனினும், உயர்தர மாணவனின் முப்பரிமாண வரைபடத்துக்கும் அளவான காட்சித் தொகுப்புக்கும் பெரும்பாலும் இவை போதும்.

இரண்டாவது வழி, பெரிய அட்டையையும் புதிய மின்வழங்கியையும் சேர்த்தே வாங்குவது. அட்டையின் ஆறு முனை இணைப்பான் 75 வாற்றும், எட்டு முனை இணைப்பான் 150 வாற்றும் மேலதிகமாகப் பெறும். இந்த வழியை எடுப்பவர் மின்வழங்கியைப் புதியதாக, உத்தரவாதத்தோடு வாங்கவேண்டும். பணம் போதாவிட்டால் அட்டையிற் குறைக்கலாம், மின்வழங்கியிற் குறைக்கலாகாது. சிறிய அட்டை வேலையை மெதுவாகச் செய்யும், அவ்வளவே. குறைபாடுள்ள மின்வழங்கியோ நல்ல அட்டையையும் கொண்டுபோய்விடும். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் என்னும் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் உறுப்புகளுக்குச் செல்கின்றது என்பதைக் குறிக்கும். வெண்கலம், பொன் என்பன அதன் மேற்படிகள். வெண்கல முத்திரை சிறு கணினிக்குத் தாராளம். முத்திரை திறனை மாத்திரமே சொல்லும், ஆயுளைச் சொல்லாது.

அலுவலகத்திலிருந்து வந்த கணினிகளில் ஒரு சிக்கல் உண்டு. டெல், எச்.பி., லெனோவோ ஆகிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில், மின்வழங்கியின் வடிவமும் தாய்ப்பலகையோடு சேரும் இணைப்பானும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் விற்கும் பொதுவான மின்வழங்கி அவற்றுட் பொருந்தாது. ஒடுங்கிய கேசிங்காயின், உயரம் குறைந்த அட்டை மட்டுமே உள்ளே செல்லும். இத்தகைய கணினிக்கு முதலாவது வழியே ஏற்றது. அளவுகோல் ஒன்றால் உள்ளிடத்தின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து தாளிற் குறித்துக்கொண்டு கடைக்குப் போவது, பேருந்துக் கட்டணத்தையும் மிச்சப்படுத்தும்.

இனிப் பாவித்த அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள யுனிட்டி பிளாசாவிலாயினும், நம்மூர்க் கடையிலாயினும், பாவித்த அட்டைகள் கிடைக்கின்றன. எதிரியம் என்னும் மறைகுறி நாணயத்தை ஈட்டுவதற்காக இரவு பகலாக ஓட்டப்பட்ட அட்டைகள், 2022 செப்டெம்பர் 15இல் அந்நாணயத்தின் முறை மாறியதும் உலகச் சந்தையிற் குவிந்தன. அவை எல்லாம் கெட்டவை என்று சொல்ல முடியாது. விசிறியும் நினைவகச் சில்லுகளும் களைத்திருக்கலாம். ஆகவே கடையிலேயே அரைமணி நேரம் முழு வலுவில் ஓட்டிப் பார்க்கக் கேட்பது வாங்குபவரின் உரிமை. பழைய மலிந்த அட்டைக்குள் பொய்ப்பெயரை எழுதிப் புதியதென விற்போரும் உண்டு. ஜீ.பீ.யூ. இசட் என்னும் இலவச மென்பொருள் அத்தகைய போலியைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கடலோரத்திற்கு இன்னொரு சோதனை உண்டு. உப்புக்காற்றுப் பட்ட அட்டையின் உலோகத் தகட்டிலே துருவும், பொன்னிற விளிம்பிலே பச்சைப் படிவும் காணப்படும். அவற்றைக் கண்டால் விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பிவிடுக.

வீட்டு மின்சாரத்தையும் கவனிக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதனால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. மின்சாரம் போவதிலும், திரும்பி வரும் கணத்தில் எழும் ஏற்ற இறக்கமே கருவிகளுக்குக் கூடுதலான தீங்கு செய்வது. மின்சாரம் நின்றவுடன் சொருகியைக் கழற்றிவிடும் பழக்கத்திற்கு ஒரு சதமும் செலவில்லை. சொருகித்துளையிற் புவித்தொடுப்பு உள்ளதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு சோதிப்பதும் அவசியம். யூ.பி.எஸ். வைத்திருப்போர், 650 வோல்ற்று அம்பியர் என்று அதிற் குறித்திருப்பது 650 வாற்று அன்று என்பதை அறிக. வாற்றுக் கணக்கில் அது ஏறத்தாழ அரைப்பங்கே.

பொருத்தும் வேலை கடினமானதன்று. ஆயினும் சில விலக்குகள் உண்டு. சொருகியைக் கழற்றியபின், மின்பொத்தானைச் சில நொடி அழுத்தி, கேசிங்கின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டே கையை உள்ளே விடவேண்டும். மின்வழங்கியின் பெட்டியை எக்காரணங் கொண்டும் திறக்கலாகாது. அதனுள் உள்ள கொள்ளளவிகளில் மிக உயர்ந்த அழுத்தத்திலான மின்னேற்றம், சொருகியைக் கழற்றிய பின்னும் சில நேரம் தங்கியிருக்கும். அது உயிருக்கு ஆபத்தானது. ஒரு மின்வழங்கியோடு வந்த கழற்றத்தக்க கம்பிகளை வேறொன்றிற் பாவிக்கலாகாது. வடிவம் ஒத்திருந்தாலும் உள்ளமைப்பு வேறுபடும். வட்டுக்குரிய சாட்டா இணைப்பிலிருந்து அட்டைக்கு மின்சாரம் எடுக்கும் மாற்றுக்கம்பியைக் கடைக்காரர் தந்தால் மறுத்துவிடுக. சாட்டா இணைப்பு 12 வோல்ற்றில் 54 வாற்றே தாங்கும். ஆறு முனை இணைப்பானோ 75 வாற்று கேட்கும். கம்பி உருகித் தீப்பற்ற இதுவே போதும். எல்லாம் முடிந்தபின், திரையின் கம்பியைப் புதிய அட்டையிற் செருகவேண்டும். பழைய இடத்திலேயே செருகிவிட்டு, அட்டை வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திரும்பி ஓடுவோரும் உண்டு.

நேயர்களே, விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. இந்தச் சிறு பொருளிலும் அது பொருந்துகின்றது. வேலை எது என்று முதலிற் கேளுங்கள். பின்பு மின்வழங்கியின் தாளை வாசித்து, கூட்டிப் பெருக்கிப் பாருங்கள். அதற்குப் பின்பே அட்டையின் விலையைக் கேளுங்கள். பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: பிள்ளை கார்ட் கேட்கும்போது உடனே மறுக்கவும் வேண்டா, உடனே இணங்கவும் வேண்டா. "கணக்கை எழுதிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். 65ஐயும் 75ஐயும் 50ஐயும் கூட்டி, 12ஆற் பெருக்கி, தாளும் எழுதுகோலுமாக வந்து நிற்கும் பிள்ளை, அந்தக் கருவியைப் பொறுப்போடு பாவிக்கும் என்று நம்பலாம். மாணவர்க்கு ஒன்று சொல்வேன்: உங்கள் தந்தையாரின் உழைப்பு எத்தனை நாள் அந்தப் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றது என்பதையும் அக்கணக்கின் அடியில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியையும் எழுதிப் பார்த்தவர், கடையிலே பளபளக்கும் பெட்டியைக் கண்டு மயங்கமாட்டார்.